குடும்பத்துக்குள் ஒரு கொலைக் கதை: மர்ம நாவல் வாசிப்பும் வீட்டு வாழ்க்கையும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்கப் பாடல், காப்பியம், பாரதி என்று தலைப்பு அமைவது வழக்கம். துப்பறியும் நாவலும் சரித்திர மர்மக் கதையும் இப்படிப்பட்ட மேடைக்கு வருவது அபூர்வம். தலைப்பைச் சொன்னதும் அமைப்பாளர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் தாயாரின் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவியவர்கள், அந்த அம்மையார் கல்கியையும் ராஜேஷ்குமாரையும் ஒரே அலமாரியில் வைத்துப் படித்தவர் என்று சொன்னார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் பெயரால் நடக்கும் சொற்பொழிவுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கொலையும் களவும் சூழ்ச்சியும் நிறைந்த கதைகளை நம் வீடுகளில் மூன்று, நான்கு தலைமுறைகளாகப் படித்து வருகிறோம். குடும்பப் பொறுப்பிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கத்தான் இதையெல்லாம் படிக்கிறார்கள் என்று பிறர் சொன்னார்கள். நாமும் அதை நம்பி, அந்தப் புத்தகங்களைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டோம். ஆனால் தமிழில் மர்மக் கதை குடும்பத்துக்குள்ளேயே பிறந்தது, குடும்பத்தின் கை வழியாகவே பரவியது, குடும்பத்தைப் பற்றியே ஓயாமல் பேசியது. அதை நம் வாசிப்பின் கூடத்தில் உட்காரவைத்து மதிக்க வேண்டும். மதிப்பதனாலேயே கேள்வியும் கேட்க வேண்டும்.

1. போலீஸ் நிபுணனும் மாமியாரும்

தமிழின் முதல் துப்பறியும் நூலாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1894-இல் வெளிவந்த ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புத குற்றங்கள்’. எழுதியவர் பண்டித நடேச சாஸ்திரி. தொல்லியல் துறையில் ராபர்ட் சீவெலிடம் பணியாற்றியவர், கல்வெட்டுகளோடு பழகியவர், தென்னாட்டு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டவர். சிதைந்த கல்லில் விட்டுப்போன எழுத்தைத் தேடிய கண்தான் குற்றம் நடந்த இடத்தில் தடயத்தையும் தேடியது. சரித்திரப் புதிரும் குற்றப் புதிரும் தமிழில் தொடக்கத்திலேயே ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன.

அவருடைய மற்ற நூல்களையும் பார்க்க வேண்டும். 1901-இல் ‘தலையணை மந்திரோபதேசம்’, 1903-இல் ‘மாமி கொலுவிருக்கை’. ஒன்று, இரவில் மனைவி கணவன் காதில் ஓதுவதைப் பற்றியது. மற்றொன்று மாமியாரின் அதிகாரத்தைப் பற்றியது. போலீஸ் நிபுணனுக்கும் மாமியாருக்கும் நடேச சாஸ்திரி தனித்தனிப் பேனா வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பது அவருக்கு இரண்டு வகை நூலிலும் ஒரே கேள்வியாகத்தான் இருந்தது.

அடுத்து வந்தவர்களும் அந்தப் பாதையில்தான் நடந்தார்கள். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908-இல் வந்தது. அதில் துப்பறியும் கோவிந்தனுக்கு வேலை வைப்பது ஒரு கல்யாணத்துக்கு வந்த இடையூறு. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாத்தனார்களின் சதியால் புகுந்த வீட்டிலிருந்து அப்புறப்படுத்தப்படும் மருமகளின் கதை. 1935-இல் அது திரைப்படமாகவும் வந்தது, டி.கே.எஸ். சகோதரர்கள் அதன் வழியாகத்தான் திரைக்கு வந்தார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதினார். ஆனாலும் அந்தக் கதைகள் தமிழ் வீட்டுக்குள் நுழைந்ததும் சொத்து, சீர், வாரிசு, மானம் என்று நம் வீட்டுப் பேச்சைப் பேசத் தொடங்கிவிட்டன.

வை. மு. கோதைநாயகி அம்மாளை இந்த வரிசையில் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து வயதைத் தாண்டியதும் திருமணமாகி, பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்தவர். முதலில் அவர் சொல்லச் சொல்ல அவருடைய தோழி ஒருவர் எழுதிக்கொடுத்தார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தாமே நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். குடும்பக் கதையோடு துப்பறியும் கதையையும் எழுதினார். திருவல்லிக்கேணியில் குடும்பம் நடத்திய ஒரு பெண், வீட்டு வேலைக்கும் பத்திரிகை அச்சுக்கும் நடுவில் மர்ம முடிச்சுகளைப் போட்டு அவிழ்த்தார். மர்மக் கதை ஆண்களின் எழுத்து, பெண்கள் அதைப் படித்துக் கெட்டார்கள் என்று பேசுகிறவர்கள் கோதைநாயகியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு வந்த துப்பறிவாளர்களைப் பாருங்கள். தேவனின் சாம்புவுக்கு வேம்பு என்று ஒரு மனைவி. தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறிந்துவிட்டு வந்து தேநீர் குடிக்கிற வீட்டில் இந்திரா இருக்கிறார். ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலாவோடு பேசிப் பேசித்தான் வழக்கை அவிழ்க்கிறான். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் மணமாகாதவர்கள். ஆனால் அவர்களைப் படைத்த எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரைத்தான் புனைபெயராக வைத்துக்கொண்டார். தமிழ்க் குற்றக் கதையின் மிகப் புகழ்பெற்ற பெயரே ஒரு வீட்டிலிருந்து வந்ததுதான்.

2. நம் பக்கத்து வாசகர்கள்

இந்தக் கதைகள் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று விரியும் நம் சென்னை மேற்குப் புறநகரில் எப்படி வேரூன்றின? ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் தொடங்கியது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் உருவானது. டி.ஐ. சைக்கிள், டன்லப் என்று பெரிய ஆலைகள். அவற்றுக்குப் பாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள். வேலைக்காக வடாற்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி என்று பல மாவட்டங்களிலிருந்து இளம் தம்பதிகள் வந்து குடியேறினார்கள். பலருக்கு வீட்டில் பெரியவர்கள் இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் யார், எந்த ஊர் என்பதே தெரியாது. கணவன் இரவு ஷிஃப்ட் போனால், புதிதாக வந்த ஊரில், தெருவிளக்கு சரியாக எரியாத மனைப்பிரிவில், பெண் தனியாக இருந்தாள். அந்த இரவுகளில் துணைக்கு இருந்தவை வார இதழ்த் தொடர்கதைகள்.

வீட்டுக்குள் ஓர் இதழ் நடமாடிய விதமே ஒரு வரலாறு. வெள்ளிக்கிழமை பேப்பர்காரர் போட்டுவிட்டுப் போனதும் யார் முதலில் எடுப்பது என்று போட்டி நடக்கும். அக்கா ஒரு தொடர், அப்பா ஒரு தொடர், அம்மா எல்லாத் தொடரும். பிறகு பக்கத்து வீட்டு மாமி, அடுத்த தெரு அத்தை. தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மைதா பசை காய்ச்சி, காலண்டர் அட்டை வைத்து, சாக்கு ஊசியில் டுவைன் நூல் கோத்துத் தைத்து வைப்பார்கள். அம்பத்தூரில் ஒரு வீட்டில் அப்படித் தைத்த தொகுப்பு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கதைப் பக்கத்தின் பின்பக்கத்தில் சமையல் குறிப்பின் பாதி. மறுபாதி வேறு தாளில் போய்விட்டது. ஓரத்தில் பென்சிலில் பால் கணக்கு. இதழ் கிடைக்காமல் போன ஒரு வாரத்துக்கு ஈடாக, யாரிடமோ கேட்டறிந்த கதைச் சுருக்கத்தைக் கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால் எழுதி, சரியான இடத்தில் சேர்த்துத் தைத்திருந்தார்கள். எழுத்தாளரும் ஓவியரும் பதிப்பாளரும் செய்த வேலைக்குப் பிறகு, ஒரு குடும்பம் செய்த வேலை அது. அந்தத் தொகுப்பைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டால், நூல் மட்டுமா போகிறது?

பாக்கெட் நாவல் காலம் வந்ததும் வாசிப்பு இன்னும் நெருக்கமானது. பெட்டிக்கடையில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள், ரயில் நிலையக் கடையில் அடுக்கி வைத்தவை, வாடகை நூலகத்தில் பழுப்பு அட்டை போட்டவை. ராஜேஷ்குமாரின் முதல் நாவல் ‘வாடகைக்கு ஓர் உயிர்’ 1980-இல் மாலைமதி இதழில் வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதியவை ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டின. பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் என்று ஒரு பெரிய அணியே மாதா மாதம் எழுதியது. ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். போகும்போது பாதி, வரும்போது மீதி என்று ஒரு நாவலைத் தொழிலாளி முடித்துவிடுவார். சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸோடு அது வீட்டுக்கு வரும். மறுநாள் மதியம், சமையல் கட்டைக் கழுவிவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்னால் கிடைக்கும் நேரத்தில் மனைவி படிப்பார். ஒரே நாவலைக் கணவன் ரயிலிலும் மனைவி சுவரில் சாய்ந்தும் படித்து, ராத்திரி சாப்பிடும்போது யார் கொலையாளி என்று வாதாடிய வீடுகள் நம் பகுதியில் ஏராளம். அந்த வாதத்தில் பெண்ணின் ஊகம் சரியாக இருந்தால் வீட்டில் அவள் சொல்லுக்கு ஒரு கூடுதல் மதிப்பு வந்தது. இது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

1990-களில் ‘மர்ம தேசம்’ தொலைக்காட்சித் தொடராக வந்தபோது தனி வாசிப்பு கூட்டுப் பார்வையாக மாறியது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ ஓடிய நேரத்தில் குடும்பம் முழுவதும் ஒரே அறையில் உட்கார்ந்து பயந்தது. இன்று அவரவர் கைப்பேசியில் அவரவர் பார்க்கிறோம். ஆளுக்கு ஒரு திரை வந்த பிறகு, யார் கொலையாளி என்ற வாதம் சாப்பாட்டு நேரத்திலிருந்து போய்விட்டது. நாம் இழந்தது அதுதான்.

3. உடையார்குடிக் கல்லில் ஒரு குடும்பம்

இப்போது சரித்திர மர்மத்துக்கு வருகிறேன். தமிழ் வீடுகளில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட கொலை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த கொலை. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கல்கி 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னைத் தொடராக எழுதியபோது, மணியத்தின் ஓவியங்களோடு அந்தக் கேள்வி வீடு வீடாகப் போனது. கல்கி கடைசிவரை அதற்கு ஒரே பதிலாகச் சொல்லி முடிக்கவில்லை. மணிரத்னத்தின் படங்கள் 2022-லும் 2023-லும் வந்தபோது பாட்டியும் பேத்தியும் அதே கேள்வியில் மறுபடி சந்தித்தார்கள்.

இந்தக் கொலைக்கு ஓர் ஆவணம் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 987-இல், வெட்டிய கல்வெட்டு. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு எழுந்த சாசனம். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் கொலைகாரத் துரோகிகள் என்று அது பெயர் சொல்கிறது. அவர்களுடைய உடைமைகள் பறிமுதல் ஆனதையும், அந்த நிலம் விலைக்குப் போனதையும் பதிவு செய்கிறது.

அந்தப் பட்டியல் எங்கே போய் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கொன்றவர்களோடு அது நிற்கவில்லை. அவர்களின் தம்பிமார், பிள்ளைகள், தாயோடு பிறந்த மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று உறவுமுறை முழுவதும் அந்த ஆணைக்குள் வந்துவிடுகிறது. எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் இவ்வளவு உறவு வராது. ஓர் அரச கொலையின் விலையை ஒரு வம்சத்தின் எல்லாக் கிளைகளும் கொடுத்தன. அந்தக் கல்லை வாசிக்கும்போது என் மனம் ரவிதாசனைத் தேடுவதில்லை. அண்ணன்மாரின் குற்றத்துக்காகக் கணவனின் நிலத்தை இழந்த அந்தப் பெயரில்லாத சகோதரியைத் தேடுகிறது. அவளுக்கு அண்ணன்மார் என்ன செய்தார்கள் என்பது தெரிந்திருந்ததா? பதினைந்து ஆண்டுகள் எந்தப் பயத்தோடு அடுப்பு மூட்டினாள்? சரித்திர நாவல் எழுத விரும்பும் இளைஞர்கள் இங்கே இருந்தால், அவளுடைய கதை இன்னும் யாருடைய கைக்காகவோ காத்திருக்கிறது என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

உடையார்குடி நமக்குத் தூரத்து ஊர் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கல்வெட்டு இருக்கும் ஊரை ஒட்டியதுதான் வீராணம் ஏரி. ‘பொன்னியின் செல்வ’னின் வந்தியத்தேவன் குதிரையில் வந்து முதல் அத்தியாயத்தில் வியந்து நிற்பது அந்த ஏரிக்கரையில்தான். 2004-இல் புதிய வீராணம் திட்டம் முடிந்ததிலிருந்து அந்த ஏரியின் தண்ணீர் குழாய் வழியாகப் போரூருக்கு வந்து நகரத்துக்குப் பிரிகிறது. பூவிருந்தவல்லியிலிருந்து போரூர் எட்டிவிடும் தூரம். நாவலின் தண்ணீரை நாம் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரித்திரப் புதிருக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சன்னதி முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள். நந்தி இறைவனைப் பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும். புழல் கோட்டைக் குறும்பர்களை எதிர்த்துப் போரிட்ட தொண்டைமானுக்குத் துணையாகப் புறப்பட்ட நந்தி அது என்றும், வென்ற கோட்டையிலிருந்து கொண்டுவந்த தூண்கள் அவை என்றும் தலபுராணம் சொல்லும். தோற்ற குறும்பர்கள் யார், அவர்கள் பக்கத்துக் கதை எங்கே என்று பிள்ளை கேட்டால், அங்கே ஒரு வரலாற்று மாணவர் பிறந்துவிட்டார்.

ஆங்கிலத்தில் ஜோசஃபின் டே என்ற பெண் எழுத்தாளர் 1951-இல் ஒரு நாவல் எழுதினார். காலொடிந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு காவல்துறை அதிகாரி, படுத்தபடியே பழைய ஆவணங்களை வரவழைத்துப் படித்து, மூன்றாம் ரிச்சர்டு மன்னன் மீது சுமத்தப்பட்ட கொலைப் பழி உண்மையா என்று விசாரிக்கிறார். நம் வீடுகளிலும் இப்படி விசாரித்தார்கள். உடம்புக்கு முடியாமல் கட்டிலோடு கிடந்த எத்தனையோ பாட்டிமார் கல்கியின் நந்தினியையும் பழுவேட்டரையரையும் விசாரித்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். அந்த விசாரணையில் ஒரே ஒரு ஒழுங்கு வேண்டும். கல்வெட்டு எதுவரை சொல்கிறது, நாவல் எங்கிருந்து தொடங்குகிறது என்ற எல்லை தெரிந்திருக்க வேண்டும். நந்தினி கல்கியின் படைப்பு. ரவிதாசன் கல்வெட்டில் இருக்கும் பெயர். இந்த வேறுபாட்டை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், நாவலின் இன்பமும் குறையாது, வரலாற்றின் மரியாதையும் குறையாது. அந்த எல்லை கலங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 1857 கிளர்ச்சியை வைத்து சுஜாதா குமுதத்தில் எழுதத் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ எதிர்ப்பால் பாதியில் நின்றது. பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற நாவலாக வேறு வடிவில் வந்தது.

4. கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு

பூவிருந்தவல்லியில் நின்று குற்றக் கதையைப் பேசும்போது, அந்த ஊரின் தனி நீதிமன்றத்தை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு மேலும் பலரும் கொல்லப்பட்ட வழக்கு அங்கேதான் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 19 பேரை விடுவித்தது. அந்த வழக்கின் கடைசிக் கைதிகள் வெளியே வந்தது 2022-இல்.

நெடுஞ்சாலையில் பேருந்துகள் ஓடின. சந்தையில் பூவும் காயும் விற்றன. பள்ளி மணி அடித்தது. அதே ஊரில், பலத்த காவலுக்குள், நாட்டையே உலுக்கிய வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. இதை நான் சொல்வது அந்த வழக்கின் நியாயத்தைப் பேச அல்ல. நாவலில் கொலையாளியைக் கண்டுபிடித்ததும் கதை முடிந்துவிடுகிறது. வாழ்க்கையில் அங்கேதான் குடும்பங்களின் கதை தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் காவல் பணிக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளில் முப்பது ஆண்டுகளாக ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சிறைக்குப் போனவர்களின் தாய்மார் மனுவோடு நடந்தே முதுமை அடைந்தார்கள். விடுவிக்கப்பட்டவர்களுக்கும் போன வருடங்கள் திரும்பவில்லை. உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கும் உறவுப் பட்டியல் எந்தக் காலத்துக் குற்றத்திலும் இருக்கிறது. மர்ம நாவலை நேசிக்கும் வாசகர் அந்தப் பட்டியலை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

5. கேட்க வேண்டிய கேள்விகள்

நேசிக்கிறோம் என்பதால் குறைகளை மூடி மறைக்கக் கூடாது. நம் குற்ற நாவல்களில் முதல் பக்கத்தில் கிடக்கும் உடல் பெரும்பாலும் பெண்ணின் உடல். அட்டைப்படத்தில் அவள் உடை கலைந்திருக்கும். வேலைக்குப் போனவள், காதலித்தவள், இரவில் தனியாக நடந்தவள் சாவாள். அடங்கி இருந்தவள் பிழைப்பாள் என்று பல கதைகள் சொல்லாமல் சொல்லின. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு திரும்பும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கதைகளை விலை கொடுத்து வாங்கிப் படித்தவர்கள். அவர்களைப் பயமுறுத்துவது கதையின் வேலையாக இருக்கக் கூடாது. அவர்கள் நடக்கும் தெருவில் யார் விளக்கை எரியவிடவில்லை என்று கேட்பதும் துப்பறிதல்தான்.

சந்தேகம் யார் மீது விழுகிறது என்பது இன்னொரு கேள்வி. நல்ல துப்பறியும் கதை நமக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், எளிதாகச் சந்தேகிக்கக் கூடியவர் குற்றவாளி அல்ல என்பது. வேலைக்காரர், வெளியூர்க்காரர், ஏழை உறவினர் ஆகியோரை முதல் பாதியில் காட்டிவிட்டு, மதிப்பான ஆசனத்தில் இருப்பவரைக் கடைசியில் காட்டுவது அதன் இலக்கணம். இதை வீட்டில் நடைமுறைப்படுத்துகிறோமா? எனக்குத் தெரிந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு மோதிரம் காணாமல் போனது. பாத்திரம் தேய்க்க வந்த பெண்ணை உட்காரவைத்து மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகள் மட்டும் வேறு விதமாகக் கேட்டாள். கடைசியாக யார் விரலில் பார்த்தது? எத்தனை மணிக்கு? அதற்குப் பிறகு யார் யார் குளித்தார்கள்? குளியலறைத் தண்ணீர்க் குழியின் சல்லடையைக் கழற்றிப் பார்த்தபோது மோதிரம் சோப்புக் கசடோடு இருந்தது. அவள் மர்ம நாவல்கள் படிப்பவள். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி வீட்டாரை வற்புறுத்தியதும் அவள்தான். ஆதாரம் வருவதற்கு முன்னால் பழி சொல்லாதே என்று நீதி நூல்கள் சொன்னதைப் பாக்கெட் நாவல் அவளுக்குப் பழக்கமாகவே ஆக்கியிருந்தது. குடும்பக் கைப்பேசிக் குழுக்களில் நாளுக்கு நாள் வதந்தி வந்து குவியும் இந்தக் காலத்தில், யார் பார்த்தது, எப்போது, என்ன ஆதாரம் என்று கேட்கிற பழக்கத்தைவிடப் பெரிய செல்வத்தைப் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்துவிட முடியாது.

6. நாம் செய்ய வேண்டியவை

அன்பர்களே, மூன்று காரியங்களை முன்வைத்து முடிக்கிறேன்.

முதலாவது, சேகரிப்பு. 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். ஆனால் நம் தாய்மார் உண்மையில் எதைப் படித்தார்களோ, அந்த மாத நாவல்களையும் வீட்டில் தைத்த தொடர்கதைத் தொகுப்புகளையும் பெரும்பாலான கிளை நூலகங்களில் தேடினாலும் கிடைக்காது. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகங்கள் எவ்வளவோ போயின. எஞ்சியவை கரையானுக்கும் எடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. 2008-இல் ப்ளாஃப்ட் பதிப்பகம் ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோதுதான் பலர் இதை ஓர் இலக்கியச் சொத்தாகவே திரும்பிப் பார்த்தார்கள். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்று ஊர்களிலும் கிளை நூலகத்தில் ஓர் அலமாரி இதற்கென்று வேண்டும். உங்கள் பரணில் இருப்பவற்றைக் கொடுங்கள். கொடுக்கும்போது யார் தைத்தது, எந்த வருடம், எந்த வீட்டில் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

இரண்டாவது, ஆய்வு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ தொடக்ககால நாவல்களை யார், எப்படிப் படித்தார்கள் என்று ஆராய்ந்து வழிகாட்டியிருக்கிறது. அதற்குப் பின்வந்த காலத்தை, குறிப்பாக ஆலை வேலைக் குடும்பங்களின் வாசிப்பை, நம் பகுதிக் கல்லூரி மாணவர்கள் எழுத வேண்டும். 1960-களிலும் 70-களிலும் இங்கே குடிவந்த பெண்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதை இந்த ஆண்டே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, வீட்டில் செய்ய வேண்டியது. வாரத்தில் ஒரு ராத்திரி, எல்லாக் கைப்பேசிகளையும் அணைத்துவிட்டு, ஒரு மர்மக் கதையை ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். பிள்ளைகளின் வயதுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள். சாம்புவில் தொடங்கலாம், சங்கர்லாலுக்குப் போகலாம், வளர்ந்த பிறகு சுஜாதாவையும் ராஜேஷ்குமாரையும் கொடுக்கலாம். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தி, யார் குற்றவாளி, ஏன் அப்படி நினைக்கிறாய் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். மருமகள் சொல்வதை மாமியாரும், பேரன் சொல்வதைத் தாத்தாவும் காரணம் கேட்டு ஒப்புக்கொள்ளும் பழக்கம் அந்த அரை மணி நேரத்தில் வரும். கதை முடிந்ததும் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இதற்குப் பிறகு அந்தக் குடும்பம் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற பிள்ளை நல்ல வாசகராகவும் வளரும், நல்ல அண்டை வீட்டாராகவும் வளரும்.

நூல்களை ஒப்படைக்க விரும்புகிறவர்கள் இன்றே வாசலில் தங்கள் பெயரைப் பதிவு செய்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.